உறையில் தேய்ந்த ரிவால்வர்கள்

அமெரிக்காவில் பழைய துப்பாக்கி விற்கும் கடைகளில் போலீஸ் ரிவால்வர் ஒன்றை எடுத்துப் பார்த்தால், அதன் மேனி ஒரு கதை சொல்லும், உள்ளுறுப்புகள் வேறொரு கதை சொல்லும். குழல் முனையிலும் சிலிண்டரின் விளிம்பிலும் நீலப்பூச்சு போய் வெறும் எஃகு பளபளக்கும். பதினைந்து இருபது ஆண்டுகள் தோலுறைக்குள் போய்வந்த உராய்வு அது. மரக் கைப்பிடியில் கார்க் கதவும் மேசை விளிம்பும் இடித்த வடுக்கள் இருக்கும். கைப்பிடிப் பலகையைக் கழற்றினால் வியர்வை இறங்கிப் பிடித்த துரு தெரியும். பக்கத் தகட்டைத் திறந்தால் நிலைமை தலைகீழ். விசையும் சுத்தியும் ஒன்றோடொன்று உரசும் முகங்கள் தொழிற்சாலையில் தீட்டியபடியே இருக்கும். குழலுக்குள் ஓடும் சுருள் பள்ளங்களில் கூர்மை குறைந்திருக்காது. நிறையச் சுமந்தது, கொஞ்சமே சுட்டது என்பது சேகரிப்பாளர்கள் இதற்குச் சொல்லும் வாசகம். பெரும்பாலான காவலர்கள் ஓய்வுபெறும் வரை யார் மீதும் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. ஆண்டுக்குச் சில முறை பயிற்சித் திடலில் சுடுவதோடு சரி. மற்ற நாளெல்லாம் அது இடுப்பில் தொங்கிய சீருடையின் ஒரு பாகம்.

இப்படி உள்ளுக்குள் புத்தம் புதிதாக இருந்த லட்சக்கணக்கான ரிவால்வர்களைக் காவல் துறைகள் 1980களின் பிற்பகுதியிலிருந்து சுமார் பத்தாண்டுகளுக்குள் ஏன் கைகழுவின? காலம் மாறியது, குற்றவாளிகளின் கையில் பெரிய ஆயுதங்கள் வந்தன, ரிவால்வர் காலாவதியானது என்பது வழக்கமான பதில். சேகரிப்பாளர்களும் இதையே சொல்கிறார்கள். இந்தப் பதிலில் பாதிதான் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. ரிவால்வர் காலாவதியானதால் மட்டும் இத்தனை வேகமாக விற்பனைக்கு வந்துவிடவில்லை. விற்றால் பணம் கிடைக்கும், அந்தப் பணத்தில் புதியது வாங்கலாம் என்ற ஏற்பாடு கையருகே இருந்ததால் வந்தது. இன்று சேகரிப்பாளரின் அலமாரியில் இருக்கும் பழைய போலீஸ் ரிவால்வரை ஒரு காலத்தின் நினைவுச்சின்னமாகப் பார்ப்பதற்கு முன், நகராட்சிக் கணக்குப் புத்தகத்தின் ஒரு வரியாகப் பார்க்க வேண்டும்.

நம்மூர் வாசகருக்கு இந்த வணிகமே வியப்பாக இருக்கும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி ஒரு கைத்துப்பாக்கி வைத்திருக்க மாவட்ட நிர்வாகத்தின் உரிமம் வேண்டும். காவல் நிலையத்துத் துப்பாக்கி கடைக்கு வந்து, அதை ஒரு குடிமகன் விலைகொடுத்து வாங்கிப் போவதை இங்கே நினைத்துப் பார்ப்பதே கடினம். அமெரிக்காவில் காவல் துறை என்பது ஒன்றல்ல. நகரம், கவுண்டி, மாநிலம் என்று ஏறத்தாழ 18,000 தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் வரவுசெலவில் தானே ஆயுதம் வாங்குகிறது. பழைய ரோந்துக் காரையும் தட்டச்சு இயந்திரத்தையும் எப்படி விற்குமோ அப்படியே பழைய ஆயுதத்தையும் விற்கிறது. ஓய்வுபெறும் காவலர் தன் துப்பாக்கியைச் சிறு விலைக்கு வாங்கிக்கொள்வதும் பல ஊர்களில் நீண்டநாள் வழக்கம்.

ஆரம்பத்தில் எந்தக் காவலர் எதை வைத்திருப்பார் என்பதற்கே ஒழுங்கு இல்லை. நியூயார்க்கில் அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட். 1895இல் நகரக் காவல் வாரியத்தின் தலைவராக வந்த அவர், அடுத்த ஆண்டே கோல்ட் நிறுவனத்தின் .32 அளவு ‘நியூ போலீஸ்’ ரிவால்வரை எல்லாருக்கும் பொதுவாக்கி, குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்தார். 1899இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்ப்ரிங்ஃபீல்டிலிருந்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ என்ற ஆறு தோட்டா ரிவால்வரை வெளியிட்டது. அதற்கென வந்த .38 ஸ்பெஷல் தோட்டாதான் அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு அமெரிக்கப் போலீஸின் தோட்டா. 1957இல் நிறுவனம் தன் மாடல்களுக்கு எண் கொடுத்தபோது இதற்கு 10 என்ற எண் விழுந்தது. வெவ்வேறு வடிவங்களில் இது அறுபது லட்சம் வரை உற்பத்தியாகியிருக்கிறது. இதற்குப் போட்டியாக நின்றது கோல்டின் ‘அஃபிஷியல் போலீஸ்’. 1908இல் ‘ஆர்மி ஸ்பெஷல்’ என்று ராணுவத்தைக் குறிவைத்து வந்த ரிவால்வரே 1927இல் பெயர் மாறி இப்படி ஆனது. வாங்குகிற கூட்டம் எங்கே இருக்கிறது என்பதை நிறுவனம் புரிந்துகொண்டதற்கு அந்தப் பெயர் மாற்றமே சாட்சி. 1950இல் காவல் தலைவர்களின் மாநாட்டில் அறிமுகமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஐந்து தோட்டாச் சிறு ரிவால்வருக்கு ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்தார்கள். அதிகாரிகளை வாடிக்கையாளராக்கும் கலையை இந்த நிறுவனங்கள் வெகுகாலம் முன்பே கற்றுத் தேர்ந்திருந்தன.

இந்த ரிவால்வர்களைச் சேகரிப்பவர்கள் தேடுவது அழகை அல்ல. மாடல் 10 போல எளிமையான, அலங்காரமற்ற துப்பாக்கி வேறில்லை. அவர்கள் தேடுவது முத்திரைகளை. பின்முதுகுப் பட்டையில் பொறித்த நகரத்தின் பெயர், கைப்பிடிக்கு அடியில் கிடங்கு எண், சிலவற்றில் காவலரின் பேட்ஜ் எண் என்று ஒவ்வொன்றும் ஒரு நிர்வாகக் குறிப்பு. நியூயார்க்கில் காவலர்கள் தங்கள் துப்பாக்கியைச் சொந்தக் காசில் வாங்கினார்கள். வேறு பல ஊர்களில் துறையே வாங்கிக் கொடுத்தது. யாருடைய சொத்து என்ற இந்த வித்தியாசம் முத்திரையில் தெரியும். லாஸ் ஏஞ்சலஸ் துறை தன் ரிவால்வர்களில் சுத்தியை முன்கூட்டியே இழுத்து நிறுத்தும் வசதியை நீக்கியது. அப்படி இழுத்து நிறுத்திய ரிவால்வரின் விசை, லேசாக விரல் பட்டாலும் வெடிக்கும். நடுங்கும் கையில் அது ஆபத்து. நியூயார்க்கும் 1980களில் இந்த வழிக்கு வந்தது. இன்று ஒரு பழைய ரிவால்வரின் சுத்தியில் கட்டைவிரல் வைக்கும் கொம்பு இல்லாததைப் பார்க்கும்போது, கைதவறிச் சுட்ட சம்பவங்களுக்கும் அதனால் எழுந்த வழக்குகளுக்கும் ஒரு நிர்வாகம் அளித்த பதிலைப் பார்க்கிறோம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிடமும் கோல்டிடமும் வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்தத் துப்பாக்கி எந்த நாளில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று பழைய பேரேட்டைப் பார்த்துக் கடிதம் தருவார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் ராய் ஜிங்க்ஸ் பல்லாண்டுகள் செய்த வேலை அது. தொழிற்சாலையின் பேரேடு பிழைத்திருக்கிறது. வாங்கிய துறையின் பேரேடு பெரும்பாலும் பிழைக்கவில்லை. அந்த வகையில் சேகரிப்பாளர்கள் செய்வது காவல் துறைகள் செய்யத் தவறிய ஆவண வேலை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் உபரி ரிவால்வர் என்ற சரக்கின் வரலாறு இவ்வளவு சாதுவாகத் தொடங்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் போலீஸ் ரிவால்வரையே ‘விக்டரி’ என்ற பெயரில் ராணுவத்துக்குச் செய்தது. பிரிட்டனுக்குப் போனவை .38 ஸ்பெஷலைவிடக் குட்டையான, சற்றுத் தடித்த .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவுக்கானவை. போர் முடிந்து அவை உபரியாகத் திரும்பி வந்தபோது, அமெரிக்க வணிகர்கள் சிலிண்டர் அறைகளைக் கடைந்து ஆழமாக்கி .38 ஸ்பெஷல் நுழையும்படி செய்தார்கள், குழலை வெட்டிக் குட்டையாக்கினார்கள், தபாலில் விற்றார்கள். அப்படி ஒன்றை 1963இல் லாஸ் ஏஞ்சலஸ் வணிக நிறுவனம் ஒன்றிடமிருந்து 29.95 டாலருக்கு, போலிப் பெயரில், தபாலில் வரவழைத்தவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அதிபர் கென்னடி சுடப்பட்ட நகரத்திலேயே, அதே நாளில் காவலர் ஜே. டி. டிப்பிட்டைக் கொன்றது அந்த ரிவால்வர். குழலின் உள்விட்டம் தோட்டாவைவிடச் சற்றுப் பெரிதாக இருந்ததால், உடலில் கிடைத்த குண்டுகள் அந்தக் குழலிலிருந்துதான் வந்தன என்று நிபுணர்களால் அடித்துச் சொல்ல முடியவில்லை. காலித் தோட்டாக்களை வைத்தே பொருத்தம் கண்டார்கள். மலிவாக்குவதற்காகச் செய்த கடைசல் வேலை தடயத்தையும் கலைத்துவிட்டிருந்தது. போலீஸ் என்று பெயரிலேயே கொண்ட ஒரு மாடல், உபரியாகச் சுற்றிவந்து ஒரு போலீஸ்காரரையே கொன்றது.

1968இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி வாங்குவதையும் வெளிநாட்டு ராணுவ உபரி இறக்குமதியையும் நிறுத்தியது. 1984இல் பழம்பொருள் வகைக்கு மட்டும் இறக்குமதிக் கதவு மீண்டும் திறந்தது. ஐம்பது ஆண்டு கடந்த துப்பாக்கிகளைச் சேகரிக்கத் தனி உரிமம் உண்டு. மூன்று ஆண்டுக்கு 30 டாலர். சட்டத்தின் விளைவு அதோடு நிற்கவில்லை என்பது என் கணிப்பு. கப்பலில் வந்த மலிவுச் சரக்கு நின்றதும், உள்நாட்டிலேயே மொத்தமாகக் கிடைக்கக்கூடிய ஒரே நம்பகமான பழைய கைத்துப்பாக்கி, காவல் துறைகளின் கிடங்கில் இருந்தவைதான். வாங்க ஆள் காத்திருந்தது. விற்பதற்கான காரணம்தான் தேவைப்பட்டது.

காரணம் என்று எல்லாரும் காட்டுவது 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த சண்டையை. எஃப்.பி.ஐ. முகவர்கள் எட்டுப் பேர், பிளாட், மேட்டிக்ஸ் என்ற இரண்டு வங்கிக் கொள்ளையர்களைக் காரில் மறித்தார்கள். இரண்டு முகவர்கள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். ரிவால்வரை வைத்துக்கொண்டு இனிக் காலம் தள்ள முடியாது என்பதற்கு இதுவே நிரூபணம் என்று நாடெங்கும் பேசப்பட்டது. நடந்ததை நிதானமாகப் பார்த்தால் படம் சிக்கலாகிறது. பெரும் சேதம் செய்தது பிளாட்டின் கையில் இருந்த நீள்துப்பாக்கி. அதன் முன் எந்தக் கைத்துப்பாக்கியும் குறைந்ததுதான். இறந்த இரண்டு முகவர்களும் வைத்திருந்தவை ரிவால்வர் அல்ல, 9 மி.மீ. பிஸ்டல்கள். பிளாட்டின் கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்தை எட்டாமல் நின்றுவிட்ட குண்டும் அந்த 9 மி.மீ. குண்டுதான், பின்னாளில் எஃப்.பி.ஐ. அதிகம் குறைசொன்னது அதைத்தான். ஒரு கை செயலிழந்த நிலையில் முகவர் எட்மண்டோ மிரெலெஸ் கொள்ளையர்களின் காரை நோக்கி நடந்து சென்று சண்டையை முடித்தது ஒரு ரிவால்வரால், .38 ஸ்பெஷல் தோட்டாக்களால்.

இதற்கு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. அதே சண்டையில் முகவர் கார்டன் மெக்நீல் கையில் குண்டு பட்டு, தன் ரிவால்வரில் மறுபடி தோட்டா நிரப்ப முடியாமல் தவித்தார். ஆறு தோட்டா தீர்ந்தபின் சிலிண்டரைத் திறந்து, காலித் தோட்டாக்களைத் தள்ளி, ஆறையும் நிரப்ப வேண்டும். பிஸ்டலில் ஒரு மேகசினை உருவி இன்னொன்றைச் செருகினால் போதும். 1970இல் கலிஃபோர்னியாவின் நியூஹாலில் நெடுஞ்சாலைக் காவலர்கள் நால்வர் சில நிமிடங்களில் கொல்லப்பட்டபோதே இந்தப் பேச்சு எழுந்தது. அப்போது அந்தத் துறை எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது: ரிவால்வரை விடவில்லை, ஆறு தோட்டாவையும் ஒரேயடியாக நிரப்பும் ஸ்பீட்லோடரைக் கொடுத்து, பயிற்சி முறையை மாற்றியது. அதற்கும் முன்பே, 1967இல், இலினாய் மாநிலக் காவல் துறை 9 மி.மீ. பிஸ்டலுக்கு மாறியிருந்தது; மற்றவர்களில் பெரும்பாலோர் இருபது ஆண்டுகள் அதைப் பின்பற்றவில்லை. தொழில்நுட்பம் 1967இல் இருந்தது, ஆபத்து 1970இல் தெரிந்தது. ஆனாலும் கிடங்குகள் காலியாகத் தொடங்கியது 1986க்குப் பிறகு. பிஸ்டல் மேலானதா என்பது இங்கே கேள்வியே இல்லை. பல வகையில் மேலானதுதான். ஏன் அப்போது, ஏன் எல்லாரும் ஒரே நேரத்தில் என்பதுதான் கேள்வி.

விடை ஆஸ்திரியாவிலிருந்து வந்தது. காஸ்டன் க்ளாக் வடிவமைத்து 1982இல் அந்நாட்டு ராணுவம் ஏற்றுக்கொண்ட, பிளாஸ்டிக் உடல் கொண்ட 17 தோட்டாப் பிஸ்டல் 1980களின் நடுவில் அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்தது. மயாமிச் சண்டையின் அச்சம் பரவிக்கொண்டிருந்த நேரம். க்ளாக் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் காவல் தலைவர்களிடம் பிஸ்டலை மட்டும் கொண்டுபோகவில்லை, ஒரு கணக்கையும் கொண்டுபோனார்கள். உங்கள் பழைய ரிவால்வர்களைக் கொடுங்கள், புதியவற்றின் விலையில் கழித்துக்கொள்கிறோம். நம்மூர்க் கடைகளில் பழைய மிக்ஸியைக் கொடுத்துப் புதியது வாங்கும் எக்ஸ்சேஞ்ச் போன்றதுதான் இது. வித்தியாசம் என்னவென்றால் பழைய மிக்ஸி பெரும்பாலும் குப்பைக்குப் போகும், இந்தப் பழைய ரிவால்வருக்கோ புதியதைப் போலவே ஆயுள் இருந்தது. வாங்கிய ரிவால்வர்களை மொத்த வியாபாரிகள் பொதுச் சந்தையில் நல்ல விலைக்கு விற்றார்கள். சில துறைகள் கையிலிருந்து பெரிதாக எதுவும் செலவழிக்காமலே முழுப் படையையும் பிஸ்டலுக்கு மாற்றிவிட முடிந்தது. போட்டியில் நிற்க மற்ற நிறுவனங்களும் இதையே செய்ய வேண்டியதாயிற்று. லாஸ் ஏஞ்சலஸ் 1986இல் பெரெட்டா பிஸ்டலுக்கு அனுமதி தந்தது. நியூயார்க் 1993இல் 9 மி.மீ. பிஸ்டலுக்கு வழிவிட்டது. நகர மன்றத்தில் பணம் கேட்டு வாதாட வேண்டிய ஒரு கொள்கை முடிவு, கொள்முதல் அலுவலரின் மேசையிலேயே முடிந்துபோனது. அந்தப் பணத்தைக் கட்டியவர் யார் என்று பார்த்தால், பழைய ரிவால்வரை வாங்கிய குடிமகன்தான். காவல் துறையின் ஆயுத மாற்றத்துக்கு அவரே தெரியாமல் நிதி கொடுத்திருக்கிறார்.

ரிவால்வர் உண்மையில் செத்த சரக்காக இருந்திருந்தால் அந்த விலை கிடைத்திருக்காது. திடலில் அது இன்றும் சுடுகிறது, நன்றாகச் சுடுகிறது. போலீஸ் பயிற்சிக்காக உருவாகி, பின்னர் போட்டியாக வளர்ந்த பி.பி.சி. முறையில் 7 கெஜத்திலிருந்து 50 கெஜம் வரை சுட வேண்டும். பல பத்தாண்டுகள் அது ரிவால்வர்களின் ராஜ்ஜியமாகவே இருந்தது. தட்டையான முகம் கொண்ட 148 கிரெய்ன் வாட்கட்டர் குண்டு தாள் இலக்கில் வட்டமாக ஓட்டை போடும். உதைப்பு மிகக் குறைவு. பழைய மாடல் 10ஐ அது வருத்தாது. 1991இல் ரிவால்வருக்கென்றே ஐகோர் என்ற போட்டி அமைப்பு தோன்றியது. 1996இல் தொடங்கிய ஐ.டி.பி.ஏ. போட்டிகளிலும் ரிவால்வருக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். வாங்குபவர்கள் சோதிக்கும் முறையிலும் ஒரு தொழில் அறிவு இருக்கிறது. விசையை மெதுவாக இழுத்து, சுத்தி விழும் முன் ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேரே வந்து பூட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள்; சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லைக் காவல் படையின் பில் ஜோர்டன் கேட்டு 1955இல் பிறந்த மாடல் 19 என்றால் குழலின் பின்முனையில் விரிசல் தேடுவார்கள். எடை குறைந்த 125 கிரெய்ன் மேக்னம் தோட்டாக்களின் சூட்டில் அந்த இடம் வெடிப்பு விட்டது உண்டு. .38 ஸ்பெஷல் மட்டுமே கண்ட துப்பாக்கிகளில் இந்தத் தொல்லை அரிது. சேவையிலிருந்து நீக்கிய பொருள் சேவைக்கு லாயக்கற்றதாக இருக்கவில்லை என்பதற்கு இவ்வளவும் சான்று.

கடினமான எதிர்வாதம் இனிமேல்தான். சேகரிப்பாளரின் கைக்குப் போன ரிவால்வரைப் பற்றிப் பேசுகிறீர்கள், மற்றவர் கைக்குப் போனதன் கதி என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வி நியாயமானது. 1998இல் காவல் தலைவர்களின் சர்வதேசச் சங்கமே, துறைகள் தமக்குத் தேவையற்ற துப்பாக்கிகளை விற்காமல் அழித்துவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு துப்பாக்கி நிறுவனங்கள் மீது நியூ ஆர்லியன்ஸ் நகரம் வழக்குப் போட்டது. குற்றவாளிகளிடமிருந்து பறிமுதல் செய்த ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை அந்த நகரமே க்ளாக் பிஸ்டல்களுக்கு எக்ஸ்சேஞ்ச் கொடுத்திருந்தது பிறகு வெளியே வந்து சந்தி சிரித்தது. 1999 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் யூத சமூக மையத்தில் சுட்டுவிட்டுத் தப்பிய இனவெறியர், வழியில் ஒரு தபால்காரரைக் கொன்றார். அவர் கையில் இருந்த சிறு க்ளாக், வாஷிங்டன் மாநிலத்தின் காஸ்மோபொலிஸ் என்ற சிற்றூர்க் காவல் துறை வாங்கி, தனக்குச் சரிப்படவில்லை என்று கைமாற்றியது. 2024இல் வெளிவந்த ஒரு பத்திரிகைப் புலனாய்வு, 2006 முதல் குற்றங்களோடு தொடர்புபட்டுச் சிக்கிய முன்னாள் போலீஸ் துப்பாக்கிகள் 52,000க்கும் மேல் என்று கூட்டாட்சி அமைப்பின் தரவைக் கொண்டே காட்டியது.

சேகரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் இரண்டு. ஒன்று, உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கும் ஒவ்வொருவரும் பின்னணிச் சோதனையைக் கடந்தே வாங்குகிறார். அது சரி, ஆனால் அது முதல் விற்பனைக்கு மட்டுமே பொருந்தும். அதற்குப் பிறகு தனிநபருக்குத் தனிநபர் விற்பதற்குப் பல மாநிலங்களில் சோதனை இல்லை. போலீஸ் கிடங்கிலிருந்து வந்த துப்பாக்கி இரண்டாம் மூன்றாம் கையில் யாரிடம் இருக்கிறது என்பதற்கு அங்கே எழுத்து ஆதாரமே கிடையாது. இன்னொரு பதில், குற்றத்துக்கு விரும்பப்படுவது நிறையத் தோட்டா கொள்ளும் பிஸ்டல், நாலங்குலக் குழலுடன் கனமான பழைய ரிவால்வர் அல்ல என்பது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அது ரிவால்வருக்கு வக்காலத்தாக அமைகிறதே தவிர, அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த முறைக்கு அல்ல. ஆஸ்வால்டின் 29.95 டாலர் ரிவால்வரையும் இங்கே மறந்துவிடக் கூடாது.

முறையைப் பார்த்தால், ரிவால்வர் உபரிக்கும் அதன்பின் வந்த பிஸ்டல் உபரிக்கும் ஒரு பெரிய வேறுபாடு தெரிகிறது. மாடல் 10 அடிப்படையில் மாறாமல் எழுபது எண்பது ஆண்டுகள் காவலர் இடுப்பில் இருந்தது. அது வெளியேறியது ஒரே ஒரு அலையில். ஆனால் அந்த ஒரு அலையில் காவல் துறைகள் கற்ற பாடம் நிலைத்துவிட்டது: ஆயுதத்தை மாற்றுவது செலவே இல்லாத காரியம். எஃப்.பி.ஐ. மயாமிக்குப் பின் 10 மி.மீ. பிஸ்டலுக்குப் போனது, அது கனத்ததென்று .40 அளவுக்கு இறங்கியது; 2010களில் 9 மி.மீ.க்கே திரும்பி வந்துவிட்டது. உள்ளூர்த் துறைகள் ஒவ்வொரு முறையும் பின்னாலேயே போயின. ஒவ்வொரு திருப்பத்திலும் இன்னும் பல்லாண்டு உழைக்கக்கூடிய பிஸ்டல்கள் சந்தையில் கொட்டப்பட்டன. 1994இல் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புது மேகசின்களைப் பொதுமக்களுக்கு விற்கக் கூடாதென்று சட்டம் வந்தபோது, காவல் துறைகளிடம் இருந்த பழைய மேகசின்களுக்கே தனி மவுசு ஏறி, அவற்றுக்காகவே எக்ஸ்சேஞ்ச் பேசப்பட்டது. தடைச் சட்டம் எதைத் தடுக்க நினைத்ததோ அதற்கு வழங்குநராகக் காவல் துறையே ஆனது. ரிவால்வர் காலத்தில் தொடங்கிய வழக்கம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் உருக்கிவிடலாமா? பல நகரங்கள் அப்படித்தான் செய்கின்றன. பிஸ்டல் விஷயத்தில் அவர்களைக் குறைசொல்ல என்னிடம் வாதம் இல்லை. ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் உடலில் காவலரின் வியர்வைகூடத் தங்குவதில்லை. அதை வைத்து எழுத வரலாறும் அதிகம் இல்லை. ரிவால்வர் விஷயத்தில் தயங்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் காவல் முறையின் நூறாண்டைப் பற்றி, எழுதிவைக்கப்படாத பலவற்றை அந்த இரும்பு தாங்கி நிற்கிறது: எந்த ஊர் காவலரையே வாங்கச் சொன்னது, எந்த ஊர் விபத்துக்குப் பயந்து சுத்தியை வெட்டியது, எவ்வளவு சுமந்தார்கள், எவ்வளவு குறைவாகச் சுட்டார்கள். உருக்கிய பின் இவற்றைக் கேட்க இடமில்லை. நியூயார்க்கில் பழைய காவலர்கள் சிலருக்கு ரிவால்வரை வைத்துக்கொள்ள இருந்த அனுமதியும் 2018 ஆகஸ்டில் முடிந்தது. புதிதாக வெளிவரும் போலீஸ் ரிவால்வர்கள் இனி அநேகமாக இல்லை. இருப்பவை மட்டுமே இருப்பு.

ஆகவே விற்பதா உருக்குவதா என்பதை அந்தந்த ஊர் மன்றம் வெளிப்படையாக விவாதித்து முடிவு செய்யட்டும். கொள்முதல் மேசையில் சத்தமில்லாமல் முடிவதுதான் தவறு. எதைச் செய்தாலும் ஒரு வேலையைத் தவறாமல் செய்ய வேண்டும். விற்ற, உருக்கிய ஒவ்வொரு துப்பாக்கியின் வரிசை எண்ணையும், அது போன இடத்தையும் துறைகள் பொதுவில் வெளியிட வேண்டும். 2003 முதல் நடப்பில் உள்ள கூட்டாட்சித் தடையால் குற்றத் துப்பாக்கிகளின் தடத்தரவு பொதுமக்களுக்குக் கிடைப்பதில்லை. மேலே சொன்ன புலனாய்வுக்கான எண்களே நீதிமன்றம் வரை போன பிறகுதான் வெளிவந்தன. ஆனால் ஒரு நகராட்சி தன் சொத்தை யாருக்கு விற்றது என்று தானே சொல்வதை அந்தத் தடை நிறுத்தாது. சேகரிப்பாளர் இன்று தொழிற்சாலைக் கடிதத்துக்குப் பணம் கட்டித் தேடும் விவரமும், அந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று கொல்லப்பட்ட தபால்காரரின் குடும்பம் கேட்கக்கூடிய கேள்விக்கான விடையும் அந்த ஒரே பதிவேட்டில்தான் இருக்கின்றன. அதை வெளியிடக் கேட்பதில் சேகரிப்பாளர்களே முன்னால் நிற்க வேண்டும்.